பெண்கள் வண்டியில் முதல் ஆள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மார்பகப் பரிசோதனை வண்டி வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை, கேம்ப்பின் பெண்கள் பாதிப் பேர் கைதட்ட, மீதிப் பேர் முக்காட்டுக்குள் சிரிக்க, முதல் ஆளாக அதில் ஏறிச் சட்டையைக் கழற்றியவன் நான். மிக்கேல்ராஜ். எழுபது வயது. மும்பை மாநகரத்து பெஸ்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மீசை உண்டு. என்னைப் படம் எடுத்த மெஷின் அதற்குப் பிறகு ஒரு வாரம் வேறு யாரையும் படம் எடுக்க மறுத்துவிட்டது என்றும், அதைச் சமாதானப்படுத்த ஜப்பானிலிருந்து இன்ஜினியர்கள் வந்தார்கள் என்றும் சொல்வேன். மெஷின் சங்கதியை நீங்கள் தள்ளிவிடலாம். வண்டியில் ஏறியதைத் தள்ள விடமாட்டேன்.

நம்புவது கஷ்டம்தான். ஏஞ்சலம்மாளும் நம்பவில்லை. ஏஞ்சலம்மாள் என் சம்பந்தி, என் மகள் கிளாராவின் மாமியார். கல்யாணில் இருக்கிறார். நான் எதைச் சொன்னாலும் முதலில் பாதியைக் கழிப்பார், மீதியில் பாதியை மருமகளின் முகத்துக்காக விட்டுவைப்பார், கடைசியில் அதையும் எடுத்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி, டீ ஆறுது, குடிங்க" என்று முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெருவெள்ளத்தின்போது சயானில் என் பஸ் மிதந்ததையும், நான் கூரை மேல் நின்று துண்டை வீசித் திசை காட்டி அதை வடாலா டெப்போவில் கரை சேர்த்ததையும் அவருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். 'மும்பையின் தலைசிறந்த கண்டக்டர்' என்று சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன் மூலையில் தாராவி அச்சுக்கூடத்தின் பெயர் பொடி எழுத்தில் இருப்பதை, கண்ணாடி போடாமலே கண்டுபிடித்தவர் அவர்.

ஆனால் இந்தக் கதை பஸ்ஸைப் பற்றியது அல்ல. எனக்கு அக்காமார் இரண்டு பேர், தங்கை ஒருத்தி. மூத்தவளுக்கு மார்பில் புற்று வந்தது. அடுத்தவளுக்குச் சினைப்பையில். தங்கைக்கு மறுபடி மார்பில். கிறிஸ்துமஸுக்கு எனக்காக அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டை காஜா எடுக்காமலே நின்றுபோனது. மூன்று பேரும் ஐம்பதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் எங்கள் குடும்பம் ஒரு காரணம் கண்டுபிடித்தது. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. ஒருத்தி டால்டாவில் சமைத்தாள். ஒருத்தி செம்பூர் காற்றைச் சுவாசித்தாள். செம்பூரில் அதே காற்றைச் சுவாசித்த அவள் புருஷன் இன்றைக்கும் காலையில் ஓட்டப் பயிற்சி போகிறான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆண்கள் எங்களுக்கு ஒரு தும்மல் கிடையாது. என் அப்பா தொண்ணூறு வயதில் சோடா மூடியைப் பல்லால் திறந்தார் (பத்து வயதைக் கழித்துக்கொள்ளுங்கள், சோடாவைக் கழிக்க வேண்டாம்). ஆகவே இந்த வியாதி பெண்களோடு வருகிறது, பெண்களோடு போகிறது என்று தீர்மானமாகியிருந்தது. பெண் கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான் விசாரிப்பார்கள். பெண்ணைப் பெற்றவள் எப்படி, அவளைப் பெற்றவள் எப்படி, சித்திமார் சுகமா. அப்பன் வழியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அப்பனுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்பதோடு சரி.

அதனால், என் தம்பி பிரைட்டனின் மகள் சுனிதாவுக்கு முப்பத்தாறு வயதில் கட்டி என்று தெரிந்ததும், பழி நேராக அவளைப் பெற்றவள் மேல் போய் விழுந்தது. பிரைட்டன் மாரடைப்பில் எப்போதோ போய்விட்டான். அவன் மனைவி நாகர்கோவில் பக்கத்துக்காரி, எங்கள் திசையன்விளைப் பக்கம் இல்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? கோவிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். அவளும் அதைப் பார்த்துவிட்டு, தானே ஓரத்துக்குப் போய்விட்டாள்.

பரேலில் சுனிதாவுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தை வேறு ஒரு சோதனைக்கும் அனுப்பினார்கள். பரம்பரையாக வருகிற ஜீன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. இருந்தது. பிஆர்சிஏ-2 என்று பெயர். ஏதோ பஸ் ரூட் நம்பர் மாதிரி இருந்தது எனக்கு. அடுத்து சுனிதாவின் அம்மாவைச் சோதித்தார்கள். சுத்தம், ஒன்றுமில்லை. அப்படியென்றால் பிரைட்டன் வழி. செத்தவனிடம் ரத்தம் கேட்க முடியாது, ஆனால் அவனுடைய அண்ணன் நான் உயிரோடு, வாயோடு இருந்தேன். போய்க் கையை நீட்டினேன். ஊசி போட்டதும் ரத்தம் பாய்ந்த வேகத்தில் நர்ஸ் வாளி கொண்டுவரச் சொன்னாள். சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. சுனிதாவிடம் இருந்த அதே கோளாறு, அதே இடத்தில், என்னிடமும் இருந்தது.

இதையெல்லாம் விளக்கிச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு பெண் இருந்தாள். சஃப்ரீன், தாராவியில் வளர்ந்த பிள்ளை, எங்கள் பக்கத்துத் தமிழ்தான்.

"அங்கிள், இந்த ஜீன் எல்லார்கிட்டயும் இருக்கு. செல்லுக்குள்ள டேமேஜ் ஆனா ரிப்பேர் பண்றதுதான் அதோட வேல. அம்மாகிட்ட இருந்து ஒரு காப்பி, அப்பாகிட்ட இருந்து ஒரு காப்பி. உங்க ஃபேமிலில ஒரு காப்பி வேல செய்யாம வருது. பிள்ளைக்கு அது போறதுக்கு பாதிக்குப் பாதி சான்ஸ். கொடுக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னெல்லாம் அது பாக்காது."

"எனக்கு ஒண்ணும் வரலியே, பிள்ள?"

"எல்லாருக்கும் வராது. லேடீஸுக்கு ரிஸ்க் ரொம்ப ஜாஸ்தி. உங்களுக்கு கம்மி, ஆனா ஜீரோ இல்ல. ஆம்பளைங்களுக்கும் மார்புல வரும், பிராஸ்டேட்ல வரும். இருக்குன்னு தெரிஞ்சா சீக்கிரமே ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டே இருக்கலாம். மருந்து இருக்கு, ஆபரேஷன் இருக்கு. தெரியாம இருந்தாத்தான் நமக்கு டைம் போயிரும்."

டாக்டர் என் பனியனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உங்களுக்குக் கொஞ்சம் சதை இருக்கிறது, ஒரு மேமோகிராம், அதாவது மார்புப் படம், எடுத்துவிடலாம் என்றார். நான் உரக்கச் சிரித்தேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் குணமாகி வீட்டுக்குப் போகும் அளவுக்குச் சிரித்தேன். வெளியே வந்து லிஃப்டுக்காக நிற்கும்போதுதான் கிளாராவின் ஞாபகம் வந்தது. என் ஒரே பிள்ளை. முப்பத்து மூன்று வயது. பாதிக்குப் பாதி. லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, போய்விட்டது.

ஏஞ்சலம்மாள் வீட்டில் மாதம் ஒரு ஜெபக்கூட்டம் உண்டு. பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்ல எழுந்திருப்பார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம்: வியாதி இருக்கும்போது அதன் பெயர் வெளியே வராது. 'ஒரு சகோதரியின் சரீர பலவீனத்துக்காக ஜெபிப்போம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். குணமான பிறகு எழுந்து நின்று, இன்ன வியாதி இருந்தது, இப்போது இல்லை, ஸ்தோத்திரம் என்பார்கள். என் அக்காமாரின் பலவீனங்களுக்காக இந்த மாதிரிக் கூட்டங்களில் எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். என்ன பலவீனம் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. சாட்சி சொல்ல அவர்களுக்கு முறை வரவே இல்லை.

அன்று நான் எழுந்தேன். எனக்கு எதுவும் குணமாகவில்லை என்று ஆரம்பித்தேன். என் ரத்தத்தில் ஒரு கோளாறு இருக்கிறது, அதன் பெயர் இது, என் அக்காமாரும் தங்கையும் செத்தது இதனால், என் தம்பி மகளுக்கு வந்தது என் தம்பி வழியாக, அவளைப் பெற்றவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இனிமேல் அவள் பெஞ்சில் யாராவது தள்ளி உட்கார்ந்தால் அவர்கள் மடியில் போய் நான் உட்காருவேன் என்றேன். ஆண்பிள்ளைக்கும் மார்பில் புற்று வரலாம் என்றேன். முன்வரிசையில் ஒருவர் குலுங்க ஆரம்பித்தார். பிறகு அறையே சிரித்தது.

"அண்ணாச்சி, போன வருஷம் ஒங்க பஸ்ஸ தேவதூதன் வந்து ஓட்டுனாருன்னு சாட்சி சொன்னீய," என்றார் ஏஞ்சலம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வருஷம் ஒங்களுக்கே பொம்பளச் சீக்குன்னு சொல்லுதீய. அடுத்த வருஷம் பிள்ளையும் பெத்துருவீய போல."

"ரிப்போர்ட் இருக்கு சம்மந்தி. பாக்கீயளா?"

"சான்றிதழும்தான் இருந்துச்சு."

வாழ்நாள் முழுக்க நான் அளந்ததையெல்லாம் பாதியாவது நம்பினவர்கள், நான் முழு உண்மையைச் சொன்ன ஒரே நாளில் எனக்கு ஆமென்கூடப் போடவில்லை.

சமையலறையில் கிளாரா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரிப்போர்ட்டை நான் முன்பே அனுப்பியிருந்தேன். ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள். அவளிடம் சான்றிதழ் கதை ஓடாது.

"சுனிதா எப்ப வேணா உன்ன கூட்டிட்டுப் போறேன்னா. சும்மா ஒரு ரத்தம்தான் பிள்ள."

"அத்தையே நம்பல. விடுங்கப்பா. டென்ஷன் பண்ணாதீங்க."

"அத்த நம்பாட்டி என்ன? நீ நம்புதியா இல்லியா?"

கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். "இருக்குன்னு வந்துச்சுன்னா அத்த என்ன எப்படிப் பாப்பாங்க? சுனிதா அம்மாவ எல்லாரும் பாத்த மாதிரி பாப்பாங்க. என் பொண்ணையும் அப்படித்தான் பாப்பாங்க." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. "அப்பா, நீங்க எவ்வளவோ கத விட்டிருக்கீங்க. இதுவும் ஒண்ணுன்னு வெளிய போய்ச் சொல்லிருங்களேன். ஒரே ஒரு தடவ. எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிருவாங்க."

என் பொய்கள் எதற்காவது என்றைக்காவது உதவும் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒரு உதவியை என் மகள் கேட்பாள் என்று நினைக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். என் மூத்த அக்காவும் அப்படித்தான், கசிவு வெளியே தெரியாமல் ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினாள்.

"சொல்ல மாட்டேன்," என்றேன். குழாயை நானே மூடினேன்.

அந்த மாதக் கடைசியில் லேபர் கேம்ப்புக்கு வண்டி வருகிறது என்று சுனிதா சொன்னாள். அவள்தான் அலைந்து ஏற்பாடு செய்திருந்தாள். பெண்களுக்கு மார்புப் படம் எடுக்கிற மெஷினை உள்ளே வைத்த பெரிய வெள்ளை வேன். என் டாக்டரின் சீட்டைக் காட்டி எனக்கும் அனுமதி வாங்கிவிட்டாள். சஃப்ரீனும் வருவாள், எங்கள் குடும்பத்தில் யார் கை நீட்டினாலும் ரத்தம் எடுத்துக்கொள்வாள். நான் உடனே கல்யாணுக்குப் போன் போட்டேன்.

"சம்மந்தி, ஞாயித்துக்கிழம லேடீஸ் வண்டில மொத ஆளா நான் ஏறப்போறேன்."

"ஏறுனீயன்னா நான் என் காதுல கெடக்கத ரெண்டையும் கழட்டித் தாரேன்."

"வந்து பாருங்க."

"வராம? ஒங்க பொய்ய ஒரு தடவையாவது கையும் களவுமா புடிக்காண்டாமா? கிளாராவையும் கூட்டிட்டு வாரேன், சாட்சிக்கு."

அவரை உண்மைக்காக அழைத்திருந்தால் வந்திருக்க மாட்டார். பொய்யைப் பிடிக்க ஸ்லோ லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்தார்.

வரிசை கோவில் சுவரோரம் வளைந்து போயிருந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையில் போய் அதன் தலைமாட்டில் நின்றேன். தொண்டுக்கு வந்த காலேஜ் பெண் ஒருத்தி ஓடி வந்து, "சாச்சா, யே லேடீஸ் கே லியே ஹை", இது பெண்களுக்கு என்று தடுத்தாள். இத்தனை வருடம் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்த ஆம்பளைகளைக் காலரைப் பிடித்து எழுப்பிவிட்டவன் நான், எனக்கே சட்டம் சொல்கிறாயா என்று இந்தியில் பதில் கொடுத்தேன். வரிசையில் நின்ற ருக்சானா, என் சந்தில் தோல்பை தைக்கிறவர், "அண்ணே, வேணும்னா என் புர்காவத் தரட்டா, மாட்டிக்கிட்டுப் போறீயளா?" என்று கேட்க, சிரிப்பு சுவரோரமாகவே கடைசி வரை ஓடியது. அப்போது சுனிதா வந்தாள். மருந்தில் முடியெல்லாம் கொட்டிய தலை, மேலே துணி ஒன்றும் இல்லை, உதட்டில் அடர்ந்த சிவப்புச் சாயம். அந்தத் தலையைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னாச்சு? சிரிங்க," என்றாள். "ஆனா பெரியப்பாதான் ஃபர்ஸ்ட். எங்க வீட்டு ஆம்பளைங்க வழியா வந்தது எனக்கு. அவர் பாக்கட்டும், அப்புறம் நீங்க எல்லாரும் பாருங்க. யாரும் திரும்பிப் போகக் கூடாது."

படியில் கால் வைத்தேன். பின்னாலேயே ஏஞ்சலம்மாள் ஏறினார். "ஏறி எறங்கிட்டு படம் புடிச்சாச்சுன்னு சொல்லுவீய. நான் பாக்கணும்."

உள்ளே மராத்திப் பெண் ஒருத்தி மெஷின் பக்கத்தில் நின்றாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். பனியனையும். ஏ.சி. காற்று இமயமலையிலிருந்து நேராகக் குழாய் போட்டுக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. அவள் என் சதையை இழுத்துத் தட்டின் மேல் வைத்தாள், மேல் தட்டை இறக்கினாள். காலை நேரத்து தாதர் ஸ்டேஷனில் இரண்டு ரயில் கூட்டத்துக்கு நடுவே நான் நசுங்கியிருக்கிறேன். இது வேறு. கண்ணில் தண்ணீர் வந்தது. வாசலில் ஏஞ்சலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது, அதில் கேலி இல்லை. மெஷின் ஓடும்போது யாரும் நிற்கக் கூடாது என்று அவரை இறக்கிக் கதவைச் சாத்தினார்கள். "காகா, ஹலூ நகா," என்றாள் அந்தப் பெண், அசையாதீர்கள் என்று. அசையவில்லை. என் அக்காமார் இரண்டு பேரும் தங்கையும் இப்படி ஒரு மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து நின்றேன். இறுக்கு, இன்னும் இறுக்கு, உள்ளே என்னதான் ஒளிந்திருக்கிறது பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் எடுத்தார்கள். முடிவை ஆஸ்பத்திரியிலிருந்து பிறகு சொல்வார்களாம்.

எலெக்‌ஷனில் ஜெயித்தவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ருக்சானா கைதட்டிவிட்டு, அடுத்த ஆளாகத் தானே படியேறினார். ஏஞ்சலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி. அப்ப அன்னிக்குச் சொன்னதும் நெசமா?"

"எது?"

"ரத்தத்துல இருக்குன்னது. கிளாராவுக்கு பாதிக்குப் பாதின்னது."

"நெசம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "பஸ் மெதந்தது?"

எனக்குப் பிடித்த கதை அது. "பொய். பஸ்ஸ விட்டுட்டு இடுப்பளவு தண்ணில நடந்தே வந்தோம்."

"தேவதூதன்?"

"பொய்."

"ஜப்பான்ல இருந்து ஒங்கள டிரெய்னிங்குக்கு கூப்பிட்டது?"

"அதுவும்தான். போதும் சம்மந்தி, ஏதாவது ரெண்டு மிச்சம் வைங்க."

அவர் மிச்சம் வைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கடைசியில் என்னிடம் வண்டியும் ரத்தமும்தான் இருந்தன. ஏஞ்சலம்மாள் மூச்சை இழுத்துவிட்டு, தண்ணீர் டேங்க் நிழலில் தனியாக நின்ற கிளாராவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் கிளாரா பயந்துகொண்டிருந்தாள். அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

பார்த்துவிட்டு, எங்களை நோக்கி நடந்து வந்தாள். மாமியாரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"வலிச்சுதாப்பா?"

யானை மிதித்தது, ரயில் ஏறியது, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. "கொஞ்சம்," என்றேன்.

தலையாட்டினாள். தோள்பையைக் கழற்றி, யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் நின்றாள். ஏஞ்சலம்மாள் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். கிளாரா போய் சஃப்ரீனின் மேசை முன்னால் உட்கார்ந்து, குர்தாவின் கையை மேலே சுருட்டினாள். சஃப்ரீன் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடினாள்.

அப்போது பைக்குள் இருந்த கிளாராவின் போன் அடித்தது. ஏஞ்சலம்மாள் துழாவி எடுத்தார். மாப்பிள்ளை ஜாபெஸ். அவன் கத்திய கத்தல் எனக்கே கேட்டது. என்னம்மா, மாமா வழக்கம்போல ரீல் விட்டாரா, அகப்பட்டுக்கிட்டாரா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏஞ்சலம்மாள் என்னைப் பார்த்தார். ஊசி ஏறிய கையைப் பார்த்தார். கிளாரா உதட்டைக் கடித்துக்கொண்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் குழாயில் ரத்தம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"ரீல் இல்லலே," என்றார் ஏஞ்சலம்மாள், வரிசை முழுக்கக் கேட்கிற குரலில். "ஏறுனாரு. சட்டையக் கழட்டுனாரு. மெஷின்ல வச்சு நசுக்குனாவ. நான் படில நின்னு என் கண்ணால பாத்தேன். நடந்துச்சு, கேட்டியா? எல்லாம் நடந்துச்சு."